தெரிந்தவர்கள் சொல்லாதபோது

1968 நவம்பர் 4. விடிந்தால் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். டெக்சாஸில் இருந்த அதிபர் லிண்டன் ஜான்சன், வாஷிங்டனில் இருந்த மூவரோடு தொலைபேசியில் பேசுகிறார். வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், பாதுகாப்பு அமைச்சர் கிளார்க் கிளிஃபோர்ட், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட் ராஸ்டோ. கிறிஸ்டியன் சயின்ஸ் மானிட்டர் நாளிதழின் சைகோன் நிருபர் பெவர்லி டீப் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். பாரிஸ் சமாதானப் பேச்சுக்கு வர மாட்டோம் என்று தெற்கு வியட்நாம் அரசு திடீரென்று முரண்டு பிடிப்பதற்குப் பின்னால் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் தரப்பின் தூண்டுதல் இருக்கிறது என்பது அதன் சாரம். அச்சேற்றும் முன் வெள்ளை மாளிகை உறுதிப்படுத்துமா என்று நாளிதழ் கேட்கிறது. அந்த நால்வரின் கையிலும் அதற்கான உளவு அறிக்கைகள் இருந்தன. கொஞ்ச நேரம் பேசி, ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் ஏழு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள், நால்வருக்குத் தெரிந்தது தங்களுக்குத் தெரியாமலேயே வாக்களித்தார்கள். நிக்சன் வென்றார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கும் அவருக்கும் இடையே ஐந்து லட்சம் வாக்குகளுக்குச் சற்று அதிகமான வித்தியாசம், ஒரு சதவீதம்கூட இல்லை.

தேர்தலில் அந்நியத் தலையீடு பற்றிய பேச்சில் நாம் பெரும்பாலும் தலையிட்டவரைப் பற்றியே பேசுகிறோம். எந்த நாடு, எவ்வளவு பணம், எத்தனை போலிக் கணக்குகள் என்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தலையீடு தெரிந்த பிறகு நாட்டின் தலைவர் என்ன செய்தார் என்பது. அவருக்குத் தெரிந்த அந்த நொடியில் அது வெளிநாட்டு விவகாரமாக இருப்பது நின்றுபோகிறது. அவருக்கும் அவருடைய மக்களுக்கும் இடையிலான விவகாரமாகிவிடுகிறது.

1968இன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று ஜான்சன் மார்ச் 31ஆம் தேதியே அறிவித்துவிட்டார். வியட்நாம் போரை முடிக்கும் வழி ஒன்றைத் திறந்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. மே மாதம் பாரிஸில் பேச்சு தொடங்கியது. அக்டோபர் 31 அன்று, வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஹம்ஃப்ரியின் ஆதரவு ஏறத் தொடங்கியது. இரண்டே நாளில், நவம்பர் 2 அன்று, தெற்கு வியட்நாம் அதிபர் தியூ தன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நாங்கள் பாரிஸுக்குப் போகமாட்டோம் என்றார்.

நிக்சன் தரப்புக்கும் தெற்கு வியட்நாம் அரசுக்கும் இடையில் இருந்தவர் அன்னா செனால்ட். பெய்ஜிங்கில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் சீனத்துக்காகப் பறந்த விமானப் படையின் அமெரிக்கத் தளபதி கிளேர் செனால்ட்டின் மனைவியாக இருந்து விதவையானவர், குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்டுவதில் முன்னணியில் நின்றவர். வாஷிங்டனில் இருந்த தெற்கு வியட்நாம் தூதர் புய் டியெம்முடன் அவருக்கு நேரடித் தொடர்பு இருந்தது. பொறுத்திருங்கள், நாங்கள் ஜெயிக்கப்போகிறோம் என்ற பொருளில் அவர் தூதருக்குச் சொன்ன செய்தி எஃப்.பி.ஐ.யின் ஒட்டுக்கேட்பில் சிக்கியது. அன்றிரவு ஜான்சன், செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த எவரெட் டர்க்சனைத் தொலைபேசியில் அழைத்து, இது தேசத்துரோகம் என்றார். எனக்குத் தெரியும் என்றார் டர்க்சன். அந்த ஒலிநாடா இன்று யாரும் கேட்கக் கிடைக்கிறது. மறுநாள் நிக்சனே ஜான்சனை அழைத்து, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உறுதி சொன்னார். அவருடைய உதவியாளர் ஹால்டமன் அக்டோபர் 22 அன்று எழுதிய கைக்குறிப்புகளை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரலாற்றாசிரியர் ஜான் ஃபாரல் வெளிக்கொணர்ந்தார். அன்னா செனால்ட் தெற்கு வியட்நாம் தரப்பில் தொடர்ந்து வேலை செய்யட்டும் என்று நிக்சன் சொன்னது அதில் இருக்கிறது.

இங்கே தலையிட்டது யார்? வெளியிலிருந்து பார்த்தால் சைகோன் அரசு. தன் பிடிவாதத்தால் இன்னொரு நாட்டின் தேர்தலைத் தனக்கு வசதியான பக்கம் சாய்க்கப் பார்த்தது. ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். அந்நியத் தலையீடு என்று சொல்லப்படும் பெரும்பாலான கதைகளில் இப்படி உள்ளே இருந்து தாழ்ப்பாளை நீக்கும் கை ஒன்று இருக்கிறது.

சரி, ஜான்சன் ஏன் சொல்லவில்லை? மூன்று காரணங்கள் அந்த உரையாடலில் வருகின்றன. நிக்சனுக்கு நேரடித் தொடர்பு இருந்ததற்கு அப்போது கையில் ஆதாரம் இல்லை. கிடைத்த தகவல் அத்தனையும் ஒட்டுக்கேட்பில் கிடைத்தது. நட்பு நாட்டின் தூதரகத்தை ஒட்டுக்கேட்டோம் என்று எப்படி ஒப்புக்கொள்வது? இப்படிக் கிடைக்கும் தகவலை எந்த அதிபரும் அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றார் ரஸ்க். கிளிஃபோர்டின் வாதம் இன்னும் ஆழமானது. இதை வெளியிட்ட பிறகும் அந்த மனிதர் ஜெயித்துவிட்டால், அவருடைய ஆட்சி முழுவதும் சந்தேகத்தின் நிழலிலேயே கழியும், அது நாட்டுக்கு நல்லதல்ல என்றார் அவர்.

மூன்றுமே பொறுப்புள்ள மனிதர்கள் சொல்லும் காரணங்கள். அதனால்தான் அவை என்னைத் தொந்தரவு செய்கின்றன. கிளிஃபோர்டின் வாதத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மக்கள் உண்மையைத் தெரிந்துகொண்டால் தாங்கள் தேர்ந்தெடுத்தவரை நம்பமாட்டார்கள், ஆகவே தெரிய வேண்டாம் என்பதுதான் அது. யாரை நம்புவது என்று தீர்மானிக்கத்தானே வாக்குச்சாவடி? நாட்டின் நலன் என்ற பெயரில் அன்று காக்கப்பட்டது பதவியின் கௌரவம். வாக்காளரின் உரிமையை அதற்கு விலையாகக் கொடுத்தார்கள்.

ஹம்ஃப்ரிக்கும் விஷயம் தெரிவிக்கப்பட்டது. அவர் வேட்பாளர், சொன்னால் லாபம் அவருக்கு. அவரும் சொல்லவில்லை. அந்தத் தேர்தலைப் பற்றிப் புத்தகம் எழுதிய தியோடர் ஒயிட் இதை அமெரிக்க அரசியலின் பெரும் கண்ணியங்களில் ஒன்றாகப் போற்றினார். எனக்கு அப்படிப் போற்ற மனம் வரவில்லை. கண்ணியம் ஹம்ஃப்ரியின் தனிச் சொத்து. அந்தத் தகவல் அவர் சொத்தல்ல. அது தெரிந்திருக்க வேண்டியவர்கள், வியட்நாமில் பிள்ளைகளை வைத்திருந்த பெற்றோர்கள். சமாதானப் பேச்சை யார் எதற்காகத் தள்ளிப்போட்டார்கள் என்பது அவர்களைவிட வேறு யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

அதே ஆண்டு ஹம்ஃப்ரிக்கு இன்னொரு சோதனையும் வந்தது. சோவியத் தூதர் அனடோலி டோப்ரினின் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நிக்சன் வருவதை விரும்பாத மாஸ்கோ, ஹம்ஃப்ரிக்குப் பண உதவி செய்ய முன்வருமாறு வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ வழியாக ரகசிய உத்தரவு அனுப்பியது. டோப்ரினினுக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஹம்ஃப்ரியின் வீட்டுக் காலை உணவு மேசையில் பிரசாரச் செலவு பற்றிப் பேச்சைத் தொடங்கினார். சட்டெனப் புரிந்துகொண்ட ஹம்ஃப்ரி, மாஸ்கோவின் நல்வாழ்த்தே போதும் என்று முடித்துவிட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே காட்சி ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான அட்லாய் ஸ்டீவன்சனுக்கும் நேர்ந்தது. 1960 ஜனவரியில் அவரைத் தூதரகத்துக்கு அழைத்த அன்றைய சோவியத் தூதர் மென்ஷிகோவ், குருஷ்சேவின் செய்தியைச் சொல்லி, நாங்கள் எந்த வகையில் உதவலாம் என்று கேட்டார். ஸ்டீவன்சன் மறுத்தார், அத்தகைய உதவி முறையல்ல என்று எழுத்திலும் தெரிவித்தார்.

இந்த இருவரின் மறுப்பையும் நான் மதிக்கிறேன். தேர்தல் நேரத்தில், பணத்துக்குத் திண்டாடும்போது, வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. ஹம்ஃப்ரியின் பிரசாரம் அந்த ஆண்டு கடும் பணத்தட்டுப்பாட்டில் ஓடியது. ஆனால் இரண்டு மறுப்புகளும் ஓர் அறைக்குள் தொடங்கி அதே அறைக்குள் முடிந்தன. தன் வாக்கை யாரோ விலைபேச வந்தார்கள் என்பது வாக்காளருக்கு அன்று தெரியாது. பேச வந்தவருக்கும் எந்தச் சேதமும் இல்லை. 1960இல் ஸ்டீவன்சன் வெளியே வந்து சொல்லியிருந்தால் 1968இல் மாஸ்கோ அப்படியொரு உத்தரவை அனுப்பியிருக்குமா?

ஜான்சனின் மௌனத்துக்குப் பின்விளைவு இருந்தது. பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1973 ஜனவரி 27 அன்றுதான். அதற்கு ஐந்து நாட்கள் முன்பு ஜான்சன் இறந்துபோனார். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். மாண்ட வியட்நாமியர் அதைப்போல் பல மடங்கு. யாரும் தூண்டாவிட்டாலும் தியூ மறுத்திருப்பார், அவருக்கு அவருடைய பயங்கள் இருந்தன என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இருக்கலாம். நிக்சன் வந்தால் நல்ல பேரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்த தியூவுக்குக் கடைசியில் கிடைத்தது, வடக்கின் படைகள் தெற்கிலேயே தங்கியிருக்க அனுமதித்த ஓர் உடன்படிக்கை. அதை ஏற்கும்படி அவரை நெருக்கியவர் அதே நிக்சன். 1975 ஏப்ரலில் அமெரிக்காவைச் சபித்துக்கொண்டே பதவி விலகினார்.

ஜான்சன் இறந்த பிறகு ராஸ்டோ அந்த ஆவணங்களையெல்லாம் ஓர் உறையில் இட்டு, ஐம்பது ஆண்டுகள் பிரிக்க வேண்டாம் என்ற குறிப்போடு ஜான்சன் நூலகத்தில் ஒப்படைத்தார். வாட்டர்கேட் ஊழல் வெடித்துக்கொண்டிருந்த 1973 அது. கூடவே அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. 1968இல் செய்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை, அதனால் 1972 தேர்தலை எதிர்கொண்டபோது நிக்சனின் ஆட்களைத் தயங்க வைக்க அவர்களுடைய அனுபவத்தில் எதுவும் இல்லை என்று அதில் சொல்கிறார். சொல்லாமல் இருக்கலாம் என்று முடிவெடுத்த நால்வரில் ஒருவர் எழுதிய வரி இது. நூலகம் அந்த உறையை 1994இல் பிரித்தது. நிக்சன் இறந்ததும் அந்த ஆண்டில்தான்.

அமெரிக்கத் தலைவர்களின் நாவைக் கட்டிய இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1964இல் சிலே நாட்டில் எடுவார்டோ ஃப்ரேயின் தேர்தல் செலவில் பாதிக்கு மேல் சி.ஐ.ஏ.யின் பணம் என்று செனட்டின் சர்ச் குழுவே பின்னாளில் பதிவு செய்தது. 1948 இத்தாலியத் தேர்தலும் அப்படித்தான். 1946 முதல் 2000 வரை அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், பின்னர் ரஷ்யாவும், பிற நாடுகளின் 117 தேர்தல்களில் தலையிட்டதாக ஆய்வாளர் டோவ் லெவின் கணக்கிடுகிறார். அவற்றில் 81 அமெரிக்கா செய்தவை. ஊரெல்லாம் செய்தவன் தன் வீட்டில் நடந்ததைக் கூவிச் சொல்லக் கூசுகிறான்.

நம் நாட்டில் கூச்சமே இருந்ததில்லை. இங்கே நோய் வேறு. இந்திரா காந்தியின் எழுபதுகளைக் கண்டவர்களுக்கு ‘அந்நிய சக்திகளின் சதி’ என்ற சொற்கள் இன்றும் காதில் ஒலிக்கும். ஜெயப்பிரகாஷ் நாராயணன் இயக்கமா, ரயில்வே வேலைநிறுத்தமா, எல்லாவற்றுக்குப் பின்னாலும் அந்நியக் கை. முன்பு இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் மொய்னிஹன் 1978இல் தன் புத்தகத்தில் ஒன்றை எழுதினார். கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராக இரண்டு முறை காங்கிரஸுக்கு அமெரிக்கப் பணம் கொடுக்கப்பட்டது, ஒருமுறை அது அப்போது கட்சிப் பொறுப்பில் இருந்த இந்திரா காந்தியிடமே கொடுக்கப்பட்டது என்று. இந்திரா மறுத்தார். 1959 பிப்ரவரியில் அவர் கட்சித் தலைவரானார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று கேரளத்தின் ஈ.எம்.எஸ். கம்யூனிஸ்ட் அமைச்சரவை கலைக்கப்பட்டது. மொய்னிஹன் சொன்னதை யாரும் முறையாக விசாரிக்கவில்லை. மேடையில் நூறு முறை சொல்லப்பட்ட அந்நியக் கைக்கு ஒருமுறைகூட ஆதாரம் காட்டப்படவில்லை. அறியும் இடத்தில் இருந்த ஒருவர் பேச வந்தபோது கேட்கும் காது இல்லை. உண்மையை உள்ளே பூட்டிவைக்கும் தலைவரும், பொய்யாக அலறும் தலைவரும் மக்களுக்குச் செய்யும் கேடு ஒன்றுதான். இருவரும் அந்தத் தகவலைத் தங்கள் உடைமையாகக் கொள்கிறார்கள்.

2016இல் பராக் ஒபாமா நின்ற இடம் ஜான்சன் நின்ற இடமேதான், காரணங்கள்கூடப் பழையவை. ஜனநாயகக் கட்சியின் மின்னஞ்சல்களை ரஷ்ய உளவுத்துறை திருடி வெளியிடச் செய்கிறது என்பது கோடையிலேயே தெரிந்துவிட்டது. செப்டம்பரில் சீனத்தின் ஹாங்ஜோவில் புதினை நேரில் கண்டு, நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார். மக்களிடம் சொன்னால் ஹிலாரிக்காகச் சொல்கிறார் என்பார்களே என்ற அச்சம். தேர்தலே மோசடி என்று டிரம்ப் வேறு முழங்கிக்கொண்டிருந்தார். இரு கட்சித் தலைவர்களும் சேர்ந்து அறிக்கை விடட்டும் என்று முயன்றார்கள்; குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் தயங்கினார்; கடைசியில் வந்த கடிதத்தில் ரஷ்யா என்ற பெயரே இல்லை. உளவுத்துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் பெயர் சொல்லி அறிக்கை விட்டது அக்டோபர் 7 அன்று. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெண்களைப் பற்றி டிரம்ப் ஆபாசமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. அதைத் தொடர்ந்து ஹிலாரியின் பிரசாரத் தலைவர் பொடெஸ்டாவின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கியது. அரசின் அறிக்கை அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போனது. 35 ரஷ்ய அதிகாரிகளை வெளியேற்றியது டிசம்பர் 29 அன்று, தேர்தல் முடிந்து ஏழு வாரங்களுக்குப் பிறகு.

ருமேனியாவில் தாமதம் இன்னும் கொடுமையான வடிவெடுத்தது. 2024 நவம்பர் 24 அன்று நடந்த முதல் சுற்றில், கருத்துக்கணிப்புகளில் மிகவும் பின்தங்கியிருந்த கேலின் ஜார்ஜெஸ்கு ஏறத்தாழ 23 சதவீதம் பெற்று முதலிடம் பிடித்தார். பிரசாரத்துக்கு ஒரு காசும் செலவழிக்கவில்லை என்று கணக்குக் காட்டியிருந்தார். டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த முடிவு செல்லும் என்றது. 4ஆம் தேதி அதிபர் கிளாவ்ஸ் யோஹானிஸ் உளவு ஆவணங்களின் ரகசியத் தடையை நீக்கினார். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு 25,000 டிக்டாக் கணக்குகள் ஒருங்கே முடுக்கிவிடப்பட்டதாக அவற்றில் இருந்தது. 6ஆம் தேதி அதே நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. இரண்டாம் சுற்றுக்கு வெளிநாட்டுவாழ் ருமேனியர்கள் அப்போது வாக்களித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் சுற்றில் வாக்களித்த 90 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஜார்ஜெஸ்குவின் அரசியல் எனக்குத் துளியும் உவப்பானதல்ல. ஆனால் முன்பே செய்தியாகச் சொல்லியிருக்க வேண்டியதை, வாக்களித்த பிறகு தீர்ப்பாக அவர்கள் தலையில் இறக்கியது என்ன நியாயம்? இரண்டாம் இடத்தில் வந்து, ரத்தால் தானும் வாய்ப்பிழந்த எலெனா லாஸ்கோனியே அதைக் கண்டித்தார். பதவிக்காலம் முடிந்தும் தொடர்ந்த யோஹானிஸ், மக்கள் எதிர்ப்புக்கும் பதவிநீக்க முயற்சிக்கும் இடையே 2025 பிப்ரவரியில் விலகினார். மே மாத மறுதேர்தலில் நிகுஷோர் டான் வென்றது ஐரோப்பியத் தலைநகரங்களுக்கு நிம்மதி தந்திருக்கலாம். தங்கள் வாக்கு பறிக்கப்பட்டது என்று நம்பும் லட்சக்கணக்கானோர் அந்த நாட்டில் இன்றும் இருக்கிறார்கள்.

தலைவர் சொன்னால் கட்சிக்காரர் ஆகிவிடுகிறார், சொல்லாவிட்டால் உடந்தை ஆகிவிடுகிறார் என்றால், சொல்லும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுவதுதான் வழி. 2019இல் கனடா அதைச் செய்து பார்த்தது. தேர்தல் காலத்தில் தலையீடு தெரியவந்தால் மக்களுக்கு அறிவிப்பதா என்று முடிவுசெய்ய ஐந்து மூத்த அரசு அதிகாரிகளின் குழு ஒன்றை அமைத்தது. பிரதமருக்கு அதில் வாக்கில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2019லும் 2021லும் அந்தக் குழு வாயே திறக்கவில்லை. 2021இல், அந்நிய முகவர்களைப் பதிவுசெய்யும் சட்டம் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்த கென்னி சியூ என்ற நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றிச் சீனச் செயலியான வீசாட்டில் பொய்கள் பரவின. சீனர்கள் கணிசமாக வாழும் தன் தொகுதியில் அவர் தோற்றார். அதிகாரிகளின் அளவுகோலை அது எட்டவில்லையாம். பிறகு உளவுத் தகவல்கள் நாளிதழ்களில் கசிந்து, அன்றைய பிரதமர் ட்ரூடோவின் அரசு நெருக்கடிக்கு உள்ளாகி, நீதிபதி மரி-ஜோசே ஹோக் தலைமையில் விசாரணை நடந்தது. கனடாவில் தலையிடுவதில் சீனா முதலிடம், இந்தியா இரண்டாமிடம் என்று அவருடைய அறிக்கை சொல்கிறது. இந்திய அரசு அதை மறுத்தது. அந்நியக் கை என்று சொல்லிப் பழகிய நாம், இன்னொரு நாட்டின் அறிக்கையில் அந்தக் கையாக நம் பெயர் வந்திருப்பதை ஒரு நிமிடமாவது நின்று யோசிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் தேர்தலில் கனடா மாறியது. அதிகாரிகள் வாரந்தோறும் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். பிரதமர் மார்க் கார்னியைக் குறிவைத்து, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்புள்ள ஒரு வீசாட் கணக்கு செய்யும் வேலையை, பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே பெயர் சொல்லி அறிவித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. மக்கள் கேட்டுக்கொண்டார்கள், தேர்தல் நடந்தது. ஜான்சனும் ஒபாமாவும் எந்தப் பேரழிவுக்கு அஞ்சினார்களோ அது வரவில்லை.

ஆனால் கார்னிக்கு அதே தேர்தலில் வேறொரு சோதனை வந்தது. அதில் அவர் தடுமாறினார். எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜோ டே, ஹாங்காங் காவல்துறை தலைக்கு விலை வைத்திருந்த மனிதர். அவரைப் பிடித்து டொரண்டோவில் உள்ள சீனத் துணைத்தூதரகத்தில் ஒப்படைத்தால் பணம் கிடைக்கும் என்று, கார்னியின் லிபரல் கட்சி வேட்பாளர் பால் சியாங் முன்பு பேசியது வெளியே வந்தது. தமிழர்கள் நிறைய வாழும் மார்க்கம் நகரத்துத் தொகுதியில் நின்றவர் சியாங். அவர் மன்னிப்புக் கேட்டார். அவர்மீது நம்பிக்கை இருக்கிறது என்றார் கார்னி. அன்றிரவு சியாங் தானாகவே விலகிக்கொண்டார். அந்நிய அச்சுறுத்தலை எதிர்த்து நிற்பேன் என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்தவருக்கு, அது தன் கட்சியின் வாயிலிருந்து வந்தபோது நடவடிக்கை எடுக்கும் துணிவு வரவில்லை.

ஜோ டேவுக்கு எதிராக இணையத்தில் ஒருங்கிணைந்த வேட்டை நடக்கிறது என்று அதிகாரிகள் அறிவித்தது ஏப்ரல் 21 அன்று. முன்கூட்டிய வாக்குப்பதிவின் நான்காவது, கடைசி நாள் அது. அந்த நான்கு நாட்களில் கனடா முழுவதும் 73 லட்சம் பேர் வாக்களித்திருந்தார்கள். டான் வேலி நார்த் தொகுதியில் ஜோ டே தோற்றார். அந்தத் தோல்விக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய தொகுதியில் முதல் நாளே வரிசையில் நின்று வாக்களித்தவருக்கு இந்தச் செய்தி ஏன் மூன்று நாள் தாமதமாக வந்தது என்று அந்த ஐவர் குழு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.